கணினியின் உள்ளறை அமைப்புகளும் அவற்றைத் திறக்கும் இணைப்புகளும்

யந்திரம் எதுவாயினும் அதை உபயோகிப்பவன் அதன் போக்கை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவன் யந்திரத்துக்கு எஜமானன் ஆகான். அதன் ஏவலாளனாகவே நின்றுவிடுவான். தறியைப் பற்றி நம் நெசவாளர்களுக்கும், பம்பு செட்டைப் பற்றி நம் விவசாயிகளுக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சங்க அலுவலகங்களில் இன்று பேரேட்டுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்திருக்கும் கணினியைப் பற்றி இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. நாட்டில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் 63,000 சங்கங்களைக் கணினி மயமாக்கும் திட்டத்துக்கு, 2,516 கோடி ரூபாய் மதிப்பில், 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அங்கத்தினர்களின் பங்குத் தொகையும், கடன் கணக்கும், நூல் இருப்பும், உரம் வழங்கிய விவரமும் இப்பெட்டிக்குள் குடிபுகுந்துவிட்டன. ஆகவே அப்பெட்டியின் உட்புறத்தைப் பற்றி நாம் ஓரளவேனும் தெரிந்துகொள்வது அங்கத்தினர் என்ற முறையில் நமது கடமையாகும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டது ஒரு சிறு விஷயம். கணினியில் இயங்கும் செயலிகளில் கண்ணுக்குத் தெரியாத சில அமைப்புகள் உண்டு. அவற்றை ஒரே ஒரு 'லிங்க்'கைத் தொடுவதன் மூலம் மாற்றிவிடும் வழியும் உண்டு. இவ்வழி எப்படி வேலை செய்கிறது, அதனால் விளையும் சௌகரியம் யாது, அபாயம் யாது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெளிப்படை அமைப்பும் மறைவான அமைப்பும்

எந்தச் செயலியைத் திறந்தாலும் அதில் 'செட்டிங்ஸ்' அல்லது 'ப்ரிஃபரன்சஸ்' என்ற ஒரு பகுதி இருக்கக் காணலாம். எழுத்தின் அளவு, மொழி, அச்சிடும் தாளின் அளவு முதலியவற்றை அங்கே நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இவை வெளிப்படையானவை. செயலியை ஆக்கியவர்கள் திரையில் காட்டாமல் உள்ளே வைத்திருக்கும் வேறு சில அமைப்புகளும் உண்டு. இவற்றையே மறைவான அமைப்புகள் என்கிறோம்.

ஏன் மறைத்து வைக்க வேண்டும் என்று கேட்கலாம். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. துணி வாங்க வருபவர் நிறத்தையும் கரையையும் நீளத்தையும் கேட்கிறார். பாவின் இறுக்கத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை. அது தறியில் இருப்பவர் அறிந்து சரிசெய்ய வேண்டியது. அதுபோலவே, ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் தேவைப்படும் ஒரு மாற்றத்தைத் திரையில் காட்டினால், மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் அது குழப்பத்தையே தரும். இன்னும் பரீட்சையில் இருக்கும் வசதிகளும், பழைய முறையே வேண்டும் என்பவர்களுக்காக விட்டுவைத்த வழிகளும், பழுது பார்ப்பவர்களுக்கு மட்டும் உதவும் திருகாணிகளும் இவ்வாறு உள்ளறையில் வைக்கப்படுகின்றன.

இவை எங்கே இருக்கின்றன?

ஆப்பிள் நிறுவனத்தின் மாக் கணினியில், ஒவ்வொருவருடைய கோப்பகத்திலும் 'லைப்ரரி' என்ற உறைக்குள் 'ப்ரிஃபரன்சஸ்' என்ற உறை ஒன்று உண்டு. பல செயலிகளுக்கு அங்கே ஆளுக்கு ஒரு சிறு கோப்பு இருக்கும். அதில் அமைப்பின் பெயரும் அதன் மதிப்பும் இரண்டிரண்டாக எழுதப்பட்டிருக்கும். 'டெர்மினல்' என்னும் கட்டளைத் திரையில் 'டிஃபால்ட்ஸ்' என்ற கட்டளையைத் தட்டி இவற்றைப் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். இம்முறை ஆப்பிளுக்கே உரியதாகத் தோன்றியதன்று. ஸ்டீவ் ஜாப்ஸ் 1985-இல் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினிகளில் தோன்றி, அந்நிறுவனத்தை ஆப்பிள் வாங்கிக்கொண்ட பின் 2001-இல் வெளிவந்த மாக் ஓஎஸ் எக்ஸ் வழியாக இன்றைய மாக் கணினிக்கு வந்து சேர்ந்தது.

மைக்ரோசாப்டின் விண்டோஸ் கணினியில் இத்தகைய விவரங்களில் பெரும்பகுதி 'ரெஜிஸ்ட்ரி' என்ற ஒரே பெரும் பதிவேட்டில் அடங்கியிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் முகவரிக் கட்டத்தில் 'அபவுட்:கான்ஃபிக்' என்று தட்டினால் அதன் உள்ளறை திறக்கும். திறப்பதற்கு முன், ஜாக்கிரதையாகச் செல்லும்படி ஓர் எச்சரிக்கை தோன்றும். அபாயத்தை ஏற்பதாகச் சொன்ன பிறகே கதவு திறக்கும். குரோம் உலாவியிலும் 'ஃபிளாக்ஸ்' என்ற பக்கம் உண்டு. அதில் பரீட்சை நிலையில் உள்ள வசதிகள் வரிசையாக இருக்கும்.

இங்கே அங்கத்தினர்கள் மனத்தில் கொள்ளத்தக்க உண்மை ஒன்று உண்டு. மாக் கணினியின் கோப்பில் ஓர் அமைப்பு எழுதப்பட்டிராவிட்டால், செயலி தனக்குள் பொதிந்த இயல்பான மதிப்பையே எடுத்துக்கொள்ளும். நாம் மாற்றும்போதுதான் அது கோப்பில் எழுதப்படுகிறது. எழுதியதை அழித்துவிட்டால் பழைய நிலை தானே திரும்பிவிடும். ஃபயர்ஃபாக்ஸிலும் மாற்றப்பட்ட அமைப்புகள் தடித்த எழுத்தில் தெரியும். பக்கத்திலேயே பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தானும் இருக்கும். ஆகவே எதை மாற்றினோம் என்பது தெரிந்திருந்தால் அச்சத்துக்கு இடமில்லை. எதை மாற்றினோம் என்பது மறந்துபோனால்தான் தொல்லை.

இணைப்பு எவ்வாறு வேலை செய்கிறது?

இணையத்தில் ஒரு முகவரியைப் பார்த்தால் அதன் தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்' என்ற எழுத்துகளும் அடுத்து முக்காற்புள்ளியும் இருக்கும். அத்தொடக்கச் சொல், 'இம்முகவரியை எந்த முறையில் கையாள வேண்டும்' என்பதைச் சொல்லும் அடையாளம். டிம் பெர்னர்ஸ்-லீயும் அவருடைய சகாக்களும் 1994-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட விதிமுறையிலேயே இவ்வடையாளங்கள் பல இடம்பெற்றிருந்தன. அவற்றுள் 'மெயில்டு' என்பதும் ஒன்று. அவ்வாறு தொடங்கும் இணைப்பைத் தொட்டால் இணையப் பக்கம் திறப்பதில்லை. மின்னஞ்சல் எழுதும் செயலி திறந்து, பெறுபவர் முகவரி தானாகவே நிரம்பி நிற்கும்.

இந்த உபாயத்தையே மற்றச் செயலிகளும் கையாளுகின்றன. ஒரு செயலி கணினியில் குடியேறும்போது, 'இன்ன சொல்லில் தொடங்கும் இணைப்புகள் எல்லாம் எனக்கு உரியவை' என்று இயக்க முறைமையிடம் பதிவு செய்துகொள்கிறது. பிறகு அத்தகைய இணைப்பை யாரேனும் தொட்டால், இயக்க முறைமை அந்த முழு வரியையும் அச்செயலியிடம் ஒப்படைத்துவிடுகிறது. தபால்காரர் உறையின் மேலுள்ள ஊரைப் பார்த்து அவ்வூர்த் தபால் ஆபீசில் சேர்ப்பது போன்றதே இது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பது பெறுபவரின் வேலை.

அமைப்பை மாற்றும் இணைப்பில் பொதுவாக நான்கு உறுப்புகள் இருக்கும். முதலாவது, செயலியை அடையாளம் காட்டும் தொடக்கச் சொல். இரண்டாவது, 'அமைப்பை மாற்று' என்ற ஏவல். மூன்றாவது, எந்த அமைப்பு என்ற பெயர். நான்காவது, அதற்கு வைக்க வேண்டிய புதிய மதிப்பு. அது ஆம் அல்லது இல்லை என்றோ, ஓர் எண்ணாகவோ, ஒரு சொல்லாகவோ இருக்கலாம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஆம்னி குரூப் நிறுவனம் தன் செயலிகளுக்கு இவ்வகை இணைப்புகளை அமைத்திருக்கிறது. மாக் கணினியில் குப்பை அஞ்சலை வடிகட்டும் 'ஸ்பாம்ஸீவ்' என்ற செயலியின் கையேட்டிலும் இத்தகைய இணைப்புகள் உண்டு.

இது ஏதோ தொலைதூரத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம் கடைவீதியில் ஒட்டியிருக்கும் 'க்யூ ஆர்' கட்டம் ஒவ்வொன்றும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 2016-இல் தொடங்கிய 'யூபிஐ' முறையில் அக்கட்டத்துக்குள் 'யூபிஐ' என்று தொடங்கும் ஓர் இணைப்பு அடங்கியிருக்கிறது. அதில் பணம் பெறுபவரின் முகவரியும், சில சமயம் தொகையும் எழுதப்பட்டிருக்கும். கைப்பேசியிலுள்ள செயலி அதைப் படித்துக் கட்டங்களை நிரப்புகிறது. ஆனால் பணம் புறப்படுவதற்கு முன் நம்முடைய இரகசிய எண்ணைக் கேட்கிறது. இணைப்பு எதையும் எழுதி வரலாம். சம்மதம் நம்முடையதாக இருக்க வேண்டும். மேசைக் கணினியிலும் இதுவே அளவுகோல்.

சௌகரியங்கள்

தொலைபேசியில் ஒருவர், 'டெர்மினலைத் திற, இந்தக் கட்டளையைத் தட்டு, இங்கே புள்ளி வை, இங்கே இடைவெளி விடு' என்று சொல்லச் சொல்ல மற்றவர் தட்டுவது எவ்வளவு சிரமம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கட்டளை பலிக்காது. அல்லது பெயர் தவறிய ஓர் அமைப்பு எவருக்கும் பயனின்றிக் கோப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக இணைப்பு ஒன்றை அனுப்பினால், தட்டும் வேலையும் பிழையும் ஒருங்கே ஒழிகின்றன. பத்துக் கணினிகள் இருந்தால் பத்திலும் ஒரே மாதிரி மாற்றம் நிகழ்கிறது. ஆக்கியவரே எழுதிய இணைப்பாதலால், அமைப்பின் பெயர் சரிதானா என்று ஐயுற வேண்டியதில்லை.

விண்டோஸில் இதற்கு இன்னும் எளிதான உறவினம் ஒன்று உண்டு. 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதற்கொண்டு, 'எம்எஸ்-செட்டிங்ஸ்' என்று தொடங்கும் இணைப்புகள் செட்டிங்ஸ் பகுதியின் குறித்த பக்கத்தை நேரே திறந்து காட்டுகின்றன. தேதி நேரப் பக்கத்துக்கு ஒன்று, பிராந்திய வடிவத்துக்கு ஒன்று, புதுப்பித்தலுக்கு ஒன்று என்று தனித்தனியே உண்டு. இவை பக்கத்தைத் திறப்பதோடு நின்றுவிடுகின்றன; எதையும் மாற்றுவதில்லை. மாற்றுவது நம் கையில் இருக்கிறது. வழிகாட்டியாக முன்னே நடந்துவிட்டு, வாசலில் ஒதுங்கி நிற்கும் நல்ல ஊழியனைப் போன்றவை இவை.

நம் அலுவலுக்கு நேரே பொருந்தும் உதாரணம் ஒன்று சொல்வோம். பிராந்திய வடிவம் அமெரிக்க முறையில் விடப்பட்ட கணினியில், மாதம் முதலிலும் நாள் பிறகும் வரும். தவணைத் தேதியை 05-08 என்று நம் வழக்கப்படி எழுத்தர் தட்டினால், அட்டவணைச் செயலி அதை ஆகஸ்டு 5 என்று கொள்ளாமல் மே 8 என்று கொண்டுவிடும். 25-08 என்று தட்டினாலோ, இருபத்தைந்தாம் மாதம் என்பது இல்லையாதலால், அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். தேதி வாரியாக அடுக்கும்போது அந்தக் கணக்கு தனியே ஒதுங்கிப்போகும். இவ்விரண்டில் முன்னதே பொல்லாதது. பின்னது கண்ணில் படும். முன்னது சரியான தேதி போலவே வேஷம் தரித்து நிற்கும். தவணை தவறாதவர் தவறியவராகவும், தவறியவர் தவறாதவராகவும் ஏட்டில் ஏறிவிட இடமுண்டு. இந்திய வடிவத்துக்கு மாற்றிவிட்டால் நாள் முன்னே வரும். தொகையும் இலட்சம், கோடி என்ற நம் முறைப்படி காற்புள்ளி பெறும். ஆனால் ஏற்கெனவே தவறாக ஏறிய தேதிகள் இம்மாற்றத்தால் திருந்திவிடா. அவற்றைப் பழைய ரசீதுகளோடு ஒப்பிட்டே திருத்த வேண்டும். ஓர் அமைப்பு எவ்வளவு சிறியதாயினும் அதன் விளைவு அங்கத்தினரின் கணக்கில் எவ்வளவு தூரம் பாயக்கூடும் என்பதற்கு இதுவே சாட்சி.

அபாயங்கள்

எந்தக் கதவு நண்பருக்குத் திறக்கிறதோ அதே கதவு திருடனுக்கும் திறக்கக்கூடும். இணைப்பு என்பது வெறும் எழுத்து வரிசை. அதை ஆக்கியவரும் அனுப்பலாம்; அந்நியரும் அனுப்பலாம். மேலே காட்டும் சொற்கள் 'சங்கத்தின் புதிய அறிவிப்பு' என்றிருக்க, உள்ளே ஒளிந்திருக்கும் இணைப்பு முற்றிலும் வேறொன்றாக இருக்கலாம்.

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் பேசப்பட்ட சம்பவம் இதற்குத் தக்க பாடமாகும். 'ஃபோலினா' என்று பெயர் பெற்ற அந்தக் குறைபாட்டில், ஒரு வேர்டு கோப்பைத் திறந்த மாத்திரத்திலேயே அது வெளியிலிருந்து ஒரு பக்கத்தை வரவழைத்தது. அப்பக்கத்தில் 'எம்எஸ்-எம்எஸ்டிடி' என்று தொடங்கும் இணைப்பு இருந்தது. விண்டோஸின் பழுது கண்டறியும் கருவிக்கு உரிய அடையாளம் அது. பழுது பார்க்க வைத்திருந்த அக்கருவி, அந்நியர் எழுதி அனுப்பிய கட்டளைகளை நிறைவேற்றும் கருவியாக மாறிற்று. திருத்தம் வெளிவந்தது அடுத்த மாதம், ஜூன் 14-ஆம் தேதி. அதுவரை மைக்ரோசாப்ட் கூறிய தற்காலிகப் பரிகாரம், அவ்வடையாளத்தின் பதிவையே ரெஜிஸ்ட்ரியிலிருந்து நீக்கிவிடுவதாகும். நீக்குமுன் அப்பதிவுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும்படியும் அந்நிறுவனம் கூறியது. எதையும் அழிக்கும் முன் பிரதி வைப்பது என்ற நம் பழைய கணக்கர்களின் தர்மத்தை இங்கும் காண்கிறோம்.

மற்றொன்றும் உண்டு. செயலிகளை இணையத்திலிருந்து நேரே நிறுவுவதற்கென 'எம்எஸ்-ஆப் இன்ஸ்டாலர்' என்ற அடையாளத்தை மைக்ரோசாப்ட் வைத்திருந்தது. மோசக்காரர்கள் தீய செயலிகளைப் பரப்ப அதைப் பயன்படுத்தியதால், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அது இயல்பாக முடக்கி வைக்கப்படும் என்று அறிவித்தது. உலகின் பெரிய நிறுவனமே ஒரு சௌகரியத்தைப் பின்வாங்க நேர்ந்தது என்றால், சிறிய அலுவலகம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதனாலேயே உலாவிகளை ஆக்கியோர் தம் உள்ளறைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸின் 'அபவுட்:கான்ஃபிக்' பக்கத்தையோ குரோமின் 'ஃபிளாக்ஸ்' பக்கத்தையோ ஓர் இணையப் பக்கத்திலுள்ள இணைப்பைத் தொட்டுத் திறக்க முடியாது. உபயோகிப்பவரே தம் கையால் முகவரிக் கட்டத்தில் தட்ட வேண்டும். வேறு செயலியைத் திறக்கும் இணைப்பைத் தொட்டால், 'இச்செயலியைத் திறக்கலாமா?' என்று உலாவி கேட்கும். அக்கேள்வியோடு 'எப்போதும் அனுமதி' என்ற கட்டமும் இருந்தால் அதில் குறியிடாமல் இருப்பதே நலம். ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்கும் காவல்காரன் சிறிது தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் அவனைத் தூங்கச் சொன்ன வீட்டுக்கு அவனால் என்ன பயன்?

சங்கங்கள் கடைப்பிடிக்க வேண்டுவன

முதலாவதாக, அமைப்பை மாற்றும் இணைப்பை எங்கிருந்து பெறுகிறோம் என்பதே தலையாய கேள்வி. செயலியை ஆக்கியவரின் சொந்தக் கையேட்டிலிருந்தோ உதவிப் பக்கத்திலிருந்தோ பெற்றதானால் கையாளலாம். வாட்ஸப்பில் மிதந்து வந்ததையும், முன்பின் அறியாதவர் மின்னஞ்சலில் அனுப்பியதையும் தொடலாகாது.

இரண்டாவதாக, தொடுமுன் இணைப்பைப் படிக்க வேண்டும். சுட்டியை அதன் மேல் நிறுத்தினால் பெரும்பாலான உலாவிகளில் திரையின் கீழ் மூலையில் உண்மையான முகவரி தெரியும். தொடக்கச் சொல் எந்தச் செயலியைக் குறிக்கிறது, பெயர் என்ன, மதிப்பு என்ன என்று மேற்சொன்ன நான்கு உறுப்புகளையும் பிரித்துப் பார்த்தல் வேண்டும். புரியாததைத் தொடாமல் விடுவதில் எவ்வித நஷ்டமும் இல்லை.

மூன்றாவதாக, மாற்றுமுன் பழைய மதிப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். கணக்குக் கோப்புகளுக்கு நகலும் எடுத்து வைக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரே அமைப்பை மாற்றி, செயலியை மூடித் திறந்து, விளைவைப் பார்த்த பின்பே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். பல மாற்றங்கள் செயலியை மறுபடி திறந்த பிறகே பலிக்கும். 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று அவசரப்பட்டு மேலும் மேலும் மாற்றுவது, அறுந்த இழையைத் தேடாமல் தறியை ஓட்டிக்கொண்டே இருப்பதற்குச் சமம்.

நான்காவதாக, செயலி புதுப்பிக்கப்படும்போது மறைவான அமைப்புகள் சொல்லாமலே மறைந்துவிடலாம். அல்லது வேறு பொருள் பெறலாம். வெளிப்படையான அமைப்புக்குத் தரும் உறுதியை ஆக்கியவர்கள் இவற்றுக்குத் தருவதில்லை. ஆகையால் திரையில் தெரியும் அமைப்பால் காரியம் ஆகுமானால் அதையே நாட வேண்டும். உள்ளறைக்குப் போவது கடைசி வழியாக இருக்கட்டும்.

ஐந்தாவதாக, ஒவ்வொரு சங்கமும் கணினி மாற்றப் பதிவேடு ஒன்று வைத்துக்கொள்வது மிகவும் நல்லது. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, எந்தக் கணினி, எந்தச் செயலி, எந்த அமைப்பு, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம், செய்தவர் கையொப்பம் என்று எட்டுப் பத்திகள் இட்டு எழுதிவர வேண்டும். எழுத்தர் மாறலாம், செயலாளர் மாறலாம். நோட்டுப் புத்தகம் இருக்கும். ஒருநாள் செயலி விபரீதமாக நடந்துகொண்டால், பழுது பார்க்க வருபவருக்கு முதலில் வேண்டியது அந்த நோட்டுப் புத்தகமே.

முடிவுரை

ஜக்கார்டு பெட்டியில் கோத்த அட்டைகளில் ஒரு துளை மாறினால் பூ வேலையில் ஓர் இழை மாறுகிறது. துணியை விரித்துப் பார்க்கும்போது பழகிய கண் அந்தப் பிழையைக் கண்டுகொள்ளும். கணினியின் உள்ளறையில் ஒரு மதிப்பு மாறினால் அதைத் துணியைப் போல விரித்துப் பார்க்க இயலாது. ஆதலால்தான் அங்கே காவலும் பதிவும் கூடுதலாக வேண்டியிருக்கின்றன.

கூட்டுறவின் அடிப்படை, காரியங்கள் எல்லோருக்கும் தெரிய நடப்பதே. கணக்கைப் பொதுப்பேரவையில் படிக்கிறோம்; தணிக்கைக்கு வைக்கிறோம்; அங்கத்தினர் எவரும் கேள்வி கேட்கலாம் என்கிறோம். அந்தக் கணக்கை எழுதும் யந்திரத்தில் மட்டும் யாருக்கும் தெரியாமல் யாரோ எதையோ மாற்றலாம் என்றால் அந்த அடிப்படை தளர்ந்துவிடும். மறைவான அமைப்பு செயலிக்குள் மறைவாக இருந்துவிட்டுப் போகட்டும். அதை மாற்றிய செய்தி சங்கத்துக்குள் மறைவாக இருத்தல் கூடாது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மாற்றப் பதிவேட்டைப் பற்றிய தீர்மானம் ஒன்றை ஒவ்வொரு சங்கமும் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலையே.